கட்டட நிலத்து மண்ணும் அயலூர் ஆறும்

வீடொன்று கட்டுவோர் கல்லுக்கும் சீமெந்துக்கும் மரத்துக்கும் கணக்கு வைப்பர். கூலிக்கும் கணக்கு வைப்பர். அத்திவாரம் வெட்டும்போதும் நிலத்தைத் திருத்தும்போதும் மழையோடு கழுவுண்டு வளவை விட்டு வெளியேறும் மண்ணுக்குக் கணக்கு வைப்பாரைக் காண்பது அரிது. போன மண்ணை நட்டமென்று எவரும் கருதுவதில்லை. ஏற்றிப் பறிக்கும் கூலி மிச்சமாயிற்று என்று மகிழ்வாரும் உளர். ஆயின் அம்மண் உலகை விட்டு மறைந்து போவதில்லை. தெருவோர வாய்க்காலிற் சிறிது தங்கும். மதகின் வாயிற் சிறிது தங்கும். எஞ்சியது ஓடையோடு போய் ஆற்றைச் சேரும். அந்த ஆறு பல வேளைகளில் இன்னொரு சபையின் எல்லைக்குள் ஓடும். அங்கே அதனைத் தோண்டி அள்ளுவதற்கு, வீடு கட்டியவரை ஒருநாளும் கண்டறியாத வேறொருவர் வரி செலுத்துவார்.

கட்டட வேலைத் தளங்களிலிருந்து மண் அரிபட்டுச் செல்வதையும் மழைநீர் பெருக்கெடுத்து ஓடுவதையும் தடுக்கும் முறைகள் பொறியியல் நூல்களிற் பல உள. அவற்றுள் விளங்காத புதிர் எதுவும் இல்லை. கடினமான பகுதி ஆட்சிமுறையைச் சார்ந்தது. செலவு மேலேயுள்ள சபைக்கு. பயன் கீழேயுள்ள சபைக்கு. மேட்டு வயற்காரன் வரம்பு கட்டப் பள்ள வயற்காரன் பலன் பெறும் கதை இது. இத்தகைய இரு சபைகளை ஒத்துழைக்கச் செய்வது எங்ஙனம்? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகரையொட்டி ஓடும் அனக்கொஸ்தியா ஆற்றின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது. அவ்விடையின் குறைபாடுகளையும் மறைக்காமற் காட்டுகின்றது. ஆதலின் அதனையே ஈண்டு விரித்துரைக்கப் புகுந்தோம்.

அனக்கொஸ்தியா பெரிய ஆறன்று. அதன் நீரேந்து பரப்பு ஏறக்குறைய 176 சதுர மைல். மேரிலாந்து மாநிலத்தின் மொன்ற்கோமரி, பிரின்ஸ் ஜோர்ஜஸ் என்னும் இரு கவுண்டிகளில் தோன்றும் ஓடைகள் வடமேற்குக் கிளை, வடகிழக்குக் கிளை என இரண்டாகத் திரண்டு, பிளேடென்ஸ்பேர்க் என்னும் ஊரருகே ஒன்றுகூடுகின்றன. அப்பால் ஆறு வாஷிங்டன் நகரமாகிய கொலம்பியா மாவட்டத்தினுள் நுழைந்து பொற்றோமாக் நதியிற் கலக்கின்றது. கவுண்டி என்பது வரி விதிக்கவும், நிலப் பயன்பாட்டைத் தீர்மானிக்கவும், கட்டட அனுமதி வழங்கவும் அதிகாரமுடைய உள்ளூராட்சி அலகு. நம் பிரதேச சபையினும் பன்மடங்கு பெரிது, பன்மடங்கு செல்வம் உடையது. நீரேந்து பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டது மேரிலாந்திலே கிடக்கின்றது. எனவே, தன் ஆற்றுக்கு வந்து சேரும் மண்ணின் பெரும்பகுதியைத் தலைநகரம் தன் சட்டத்தினால் தொடவும் இயலாது.

பிளேடென்ஸ்பேர்க்குக்குக் கீழே ஆறு வற்றுப்பெருக்குக்கு உட்பட்டது. அங்கே நீரின் வேகம் அடங்கிவிடும்; மேலிருந்து வந்த நீர் பொற்றோமாக்கை அடைய வாரக்கணக்கிற் செல்லும். வேகம் அடங்கிய நீர் சுமந்து வந்த மண்ணைக் கீழே இறக்கிவிடும் என்பது எவரும் அறிந்த இயற்கை விதி. 1742ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பிளேடென்ஸ்பேர்க், அட்லாந்திக் சமுத்திரத்தைக் கடந்து வந்த கப்பல்கள் புகையிலை ஏற்றிச் சென்ற துறைமுகமாக விளங்கியது. புகையிலை ஓர் ஊரை எவ்வாறு வாழ்விக்கும் என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே புகையிலைக்காகக் காடு வெட்டித் திறந்த நிலங்களிலிருந்து கழுவுண்ட மண் துறைமுகத்தைத் தூர்த்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கடற்கப்பல் அங்கு வருவது நின்றுபோயிற்று. 1814ஆம் ஆண்டில் ஆங்கிலப் படை அவ்வூரிற் போரிட்டு வென்று வாஷிங்டனைத் தீக்கிரையாக்கிய செய்தியை வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசும். துறைமுகத்தைக் கொன்ற சேற்றைப் பற்றி ஓரிரு வரிகளோடு நிறுத்திக்கொள்ளும்.

கமத்தினால் வந்த மண்ணரிப்பு அது. கட்டட வேலையினால் வருவது வேறு வகையானது. அதன் கடுமையை உணர்வதற்கு மழைத்துளியிலிருந்து தொடங்கவேண்டும். புல்லும் சருகும் மூடிய நிலத்தில் விழும் துளி தன் வேகத்தை இலைமேல் இழந்து மெல்ல மண்ணுள் இறங்கும். வெறுமையாக்கப்பட்ட நிலத்தில் அதே துளி சிறு சம்மட்டிபோல் அடித்து மண்கட்டியை உடைத்துத் துகளாக்கும். துகள்கள் மண்ணின் நுண்துளைகளை அடைக்கும். உள்ளே இறங்க வழியின்றி நீர் மேற்பரப்பில் ஓடும். ஓடும் நீர் துகளைச் சுமக்கும். மெல்லிய கோடுகளாக அரித்து, கோடுகள் கூடிச் சால்களாகி, சால்கள் கூடி ஓடைகளாகும். கனரக இயந்திரங்கள் மிதித்து இறுகிய நிலமாயின் நீர் இறங்குவது இன்னும் குறையும். கமக்காரன் ஒரு போகத்துக்குள் பயிரால் நிலத்தை மூடிவிடுவான். கட்டட நிலமோ ஓராண்டு, ஈராண்டு திறந்தே கிடக்கும்.

இவ்வாறு புறப்பட்ட துகளை வழியில் மறித்துப் பிடித்துவிடலாம் என்று எண்ணுவது இயல்பே. அதற்காகவே தளத்தின் தாழ்ந்த மூலையிற் குளம்போல் ஒரு தேக்கம் வெட்டுவர். ஆனால் பருமணலும் களியும் ஒரே வேகத்தில் அடியிற் படிவதில்லை. அசையாத நீரில் ஒரு மீற்றர் ஆழம் இறங்குவதற்கு, பத்திலொரு மில்லிமீற்றர் விட்டமுள்ள நுண்மணலுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம் போதும். நூறிலொரு மில்லிமீற்றர்த் துகளுக்கு மூன்று மணித்தியாலம் வேண்டும். ஆயிரத்திலொரு மில்லிமீற்றர்க் களித்துகளோ பதின்மூன்று நாள் எடுக்கும். எந்தக் கொந்தராத்துக்காரரும் மழைநீரைப் பதின்மூன்று நாள் அசையாது வைத்திருக்கப் போவதில்லை. ஆகவே தேக்கம் மணலைப் பிடிக்கும்; களியைப் பெரும்பாலும் போகவிடும். ஆற்றைக் கலக்கி, நீரடிப் புற்களுக்குச் சூரிய ஒளி எட்டாமற் செய்து, மீன்முட்டைகளை மூடி, பொசுபரசையும் தன்னோடு ஒட்டிச் செல்வது இந்தக் களியே. ஓடிவிட்ட மண்ணைப் பிடிப்பதைக் காட்டிலும் மண்ணை ஓடவிடாதிருப்பதே சிறந்தது என்று அறிஞர் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவேயாகும்: நிலத்தைப் பகுதி பகுதியாகத் திறத்தல், திறந்ததை விரைவில் வைக்கோலாலும் புல்லாலும் மூடுதல், மேலிருந்து வரும் நீரைத் தளத்தினுள் விடாது சுற்றி அனுப்புதல். தேக்கமும் துணிவேலியும் இவற்றுக்கு அடுத்தபடியே.

இச்செய்திகளுக்கு எண்ணளவிற் சான்று தந்தவர் பால்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் சர்வகலாசாலைப் பேராசிரியர் கோர்டன் வோல்மன். குடிநீரைக் குளோரீன் கொண்டு தூய்மை செய்யும் முறையைச் செம்மைப்படுத்திய ஏபெல் வோல்மனின் மைந்தர் இவர். மேரிலாந்தின் கட்டட வேலைகளால் உண்டாகும் அடையல் குறித்து 1964இல் மாநிலத்துக்கு ஓர் அறிக்கை அளித்தார். 1967இல் அஷர் ஷிக் என்பவரோடு சேர்ந்து விரிவான ஆய்வை வெளியிட்டார். அப்பகுதியின் காடுகளிலும் கமநிலங்களிலும் இருந்து சதுர மைலொன்றுக்கு ஆண்டுதோறும் 200 முதல் 500 தொன் வரை அடையல் வெளியேறியது. கட்டட வேலை நடைபெறும் நிலங்களிலோ அது பல்லாயிரம் தொன்னாய், உச்சமாக 140,000 தொன் வரை ஏறிற்று. இவ்வுச்ச அளவை ஏக்கருக்கு வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 220 தொன் வரும். நிலம் முழுவதிலும் ஓரங்குலத்துக்கு மேற்பட்ட மண்ணை ஒரே ஆண்டில் வழித்தெடுத்ததற்குச் சமம். ஓரங்குல மேல்மண் உருவாவதற்கு இயற்கைக்கு நூற்றாண்டுகள் வேண்டும்.

இந்த அளவைகள் எடுக்கப்பட்ட காலத்தையும் நோக்கவேண்டும். 1950இல் மொன்ற்கோமரியின் சனத்தொகை ஏறக்குறைய 164,000, 1970இல் 523,000. பிரின்ஸ் ஜோர்ஜஸ் 194,000இலிருந்து 660,000 ஆகப் பெருகியது. இருபது ஆண்டுகளில் எட்டு இலட்சத்து இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு வீடும் வீதியும் பாடசாலையும் கடைத்தெருவும் எழுந்தன. அத்தனைக்கும் நிலம் திறக்கப்பட்டது. மண் கீழிறங்கிய அதே ஆண்டுகளில், அதனை ஏற்க நேர்ந்த வாஷிங்டன் நகருக்குத் தன் மக்கள் தெரிந்தெடுத்த சபையே இருக்கவில்லை. 1874ஆம் ஆண்டில் அந்நகரின் தெரிவுசெய்யப்பட்ட ஆட்சியை மத்திய கொங்கிரஸ் நீக்கிவிட்டது. நியமிக்கப்பட்டோரே நூறாண்டுக்காலம் நகரை நடத்தினர். 1973ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தின் பயனாக 1975 சனவரியிலேயே தெரிவுசெய்யப்பட்ட நகரபிதாவும் சபையும் பதவியேற்றனர். ஆற்றின் கீழைக் கரையிலிருந்த குடியிருப்புகளோ கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த, வருவாய் குறைந்த பகுதிகள். மேலே புது வீட்டுக்காரர். கீழே குரலற்ற ஊர். இவ்வமைப்பில் மண் எத்திசை ஓடும் என்பதைப் புவியீர்ப்பு மாத்திரம் தீர்மானித்ததாக இக்கட்டுரையாளர் கருதவில்லை.

மேலேயுள்ள கவுண்டி ஒன்று நல்லெண்ணத்தோடு தானே கட்டுப்பாடு விதித்தாலென்ன என்று கேட்கலாம். மொன்ற்கோமரி அவ்வாறே செய்தது. 1960களின் நடுப்பகுதியிலேயே கட்டட நிலத்து அடையலைத் தடுக்கும் ஏற்பாடுகளைத் தொடங்கி, நாட்டுக்கே முன்னோடியாயிற்று. ஆயினும் தனித்து முன்செல்லும் சபைக்கு ஓர் இடர் உண்டு. தேக்கம் வெட்டுதல், வைக்கோல் பரப்புதல், பரிசோதகரை எதிர்பார்த்து வேலையை நிறுத்தி வைத்தல் ஆகிய யாவும் வீட்டின் விலையில் ஏறும். எல்லைக்கு அப்பால் அக்கட்டுப்பாடு இல்லையெனின் கட்டுவோர் அப்பால் நகர்வர். அவர்களோடு வரி வருமானமும் நகரும். அப்படி நகர்ந்தபின்பும் மண் அதே ஆற்றுக்கே வரும். கட்டுப்பாடு விதித்த சபை வருமானத்தையும் இழந்து ஆற்றையும் காக்காது நிற்கும். ஆதலால் எல்லாச் சபைகளையும் ஒரே நாளிற் கட்டுப்படுத்தும் மேல்நிலைச் சட்டம் ஒன்று இன்றியமையாததாயிற்று.

அச்சட்டத்தை மேரிலாந்து 1970ஆம் ஆண்டில் இயற்றியது. மாநிலம் முழுவதற்கும் பொருந்திய இத்தகைய சட்டங்களில் இது நாட்டிலேயே முதலாவது. சட்டத்தின் நுட்பம் மிக எளியது. மண் கட்டுப்பாட்டுத் திட்டம் ஒன்றை வரைந்து அங்கீகாரம் பெறும்வரை, நிலத்தைத் திருத்தவோ கட்டடம் எழுப்பவோ கவுண்டி அனுமதிப்பத்திரம் வழங்கலாகாது. அங்கீகரிப்பவர் யார்? அவ்வப்பகுதியின் மண் பாதுகாப்பு வட்டாரச் சபை. 1930களில் வட அமெரிக்கச் சமவெளிகளைப் புழுதிப்புயல் பாழாக்கிய காலத்தில் கமக்காரருக்கு உதவுவதற்கென எழுந்தவை இச்சபைகள். வரம்பும் படிக்கட்டுப் பாத்தியும் பற்றி ஆலோசனை கூறிவந்த கமக்காரர் சபைக்கு, பெருங்கட்டடக் கம்பனிகளின் வரைபடத்தில் ஒப்பமிடும் உரிமை கிடைத்தது. மண்ணை அறிந்தவர் ஒரு காரியாலயத்திலும் அனுமதி வழங்குபவர் இன்னொரு காரியாலயத்திலும் இருந்த நிலை நீங்கி, ஒருவரது ஒப்பமின்றி மற்றவர் அசைய முடியாத நிலை உருவாயிற்று. உள்ளூராட்சி ஒத்துழைப்பு என்பது மேடையில் மாலையிட்டுக் கைகுலுக்குவதோடு முடிவதன்று. இத்தகைய பூட்டும் திறப்பும் அதற்கு வேண்டும்.

விதிகளிற் சிலவற்றை மாத்திரம் குறிப்பிடுவோம். 5,000 சதுர அடிக்குக் குறைந்த நிலத்தையும் 100 கன யாருக்குக் குறைந்த மண்ணையும் அசைக்கும் சிறு வேலைகளுக்கு விலக்கு உண்டு. 2011, 2012ஆம் ஆண்டுகளில் இறுக்கப்பட்ட விதிகளின்படி, ஒரே வேளையில் 20 ஏக்கருக்கு மேல் திறத்தலாகாது என்பதே பொது நியதி. வேலை ஓய்ந்த சரிவுகளையும் எல்லையோரக் கரைகளையும் மூன்று நாட்களுக்குள்ளும், ஏனைய நிலத்தை ஏழு நாட்களுக்குள்ளும் மூடவேண்டும். முன்னர் இவை ஏழும் பதினான்குமாக இருந்தன. தளத்துக்குப் பொறுப்பானவர் வாரந்தோறும், மழை பெய்த மறுநாளும் தாமே சுற்றிப் பார்த்துக் குறிப்பெழுதுதல் வேண்டும். அரசாங்கப் பரிசோதகர் சராசரி இரு வாரங்களுக்கு ஒருமுறை வருவார். பொறுப்பாளர் உரிய பயிற்சி பெற்ற சான்றினைக் கையில் வைத்திருத்தல் அவசியம். இச்சான்று அங்கே பச்சை அட்டை என வழங்கும். குடியேற்றத்துக்கான பச்சை அட்டையோடு இதனை மயங்கலாகாது.

சட்டம் இருந்தும் மண் ஓடியது என்பதையும் சொல்லவேண்டும். அங்கீகாரம் பெற்ற வரைபடம் ஒன்று; நிலத்தில் நிற்பது வேறொன்று. இக்கட்டுரையாளர் தொழில்முறையிற் கண்ட தளங்கள் பலவற்றில் துணிவேலியின் அடிப்பாகம் மண்ணுட் புதைக்கப்படாமல், கொடிமரத்துத் துணிபோற் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. நீர் அதன் கீழாக நிம்மதியாய்ச் சென்றது. இன்னும் சில இடங்களில் சரிவுக்குக் குறுக்கே நிற்கவேண்டிய வேலி சரிவோடு நீளவாக்கில் இறங்கி, நீரைத் தடுப்பதற்குப் பதிலாக வழிகாட்டி அனுப்பியது. வேலியை நிறுத்தியதற்குக் காசு கொடுக்கப்படும். சேறு நிரம்பியபின் அதைத் துப்புரவாக்குவதற்குக் கொடுபடாது. இதுவே பெரும்பாலும் குறையின் வேர்.

மேரிலாந்தில் அமலாக்கம் கவுண்டிக்குக் கவுண்டி வேறுபட்டது. ஓரிடத்தில் வேலையை நிறுத்தும் கட்டளை உடனே பிறக்கும். ஓரிடத்திற் கடிதம் மட்டும் பிறக்கும். பரிசோதகரும் கட்டுவோரும் ஒரே ஊரார். சபை உறுப்பினரின் தேர்தற் செலவுக்குக் கைகொடுப்போர் யார் என்பதையும் ஊரார் அறிவர். எனவே 1984ஆம் ஆண்டில் மாநிலம் அமலாக்க அதிகாரத்தைத் தன் கைக்கு மீட்டுக்கொண்டது. தகுதியை மெய்ப்பித்த கவுண்டிகளுக்கும் நகரங்களுக்கும் அதனை மீளவும் ஒப்படைத்தது. ஆனால் காலத்துக்குக் காலம் பரிசீலித்து, தவறின் திருப்பியெடுக்கும் நிபந்தனையோடு. மாநில அரசும் மத்திய அரசும் தாமே மேற்கொள்ளும் வேலைகளை மாநிலத் திணைக்களமே பரிசீலிக்கும். ஒரு கவுண்டிப் பரிசோதகர் மாநில நெடுஞ்சாலைத் திணைக்களத்தின் வேலையை நிறுத்துவார் என எதிர்பார்ப்பது வீண். 2011இற் பெரும்பகுதி திறக்கப்பட்ட கவுண்டியிடை நெடுஞ்சாலை, அனக்கொஸ்தியாவின் மேலோடைகளைக் குறுக்கறுத்தே செல்கின்றது என்பதை நினைக்க, இவ்வேற்பாட்டின் அவசியம் புலனாகும்.

1984ஆம் ஆண்டு இன்னொரு வகையிலும் முக்கியமானது. அவ்வாண்டிலே கொலம்பியா மாவட்டமும் மேரிலாந்தும் அனக்கொஸ்தியாவை மீட்பதற்கு ஓர் உடன்படிக்கை செய்தன. 1987இல் மொன்ற்கோமரியும் பிரின்ஸ் ஜோர்ஜஸும் அதிற் சேர்ந்து ஒப்பமிட்டன. அனுமதிப்பத்திரத்தின் திறப்பு மாநிலத்தின் கையில் அன்று, கவுண்டியின் கையிலேயே கிடந்தது. ஆதலின் கவுண்டிகள் வந்து அமர்ந்த பின்னரே பேச்சு செயலாகத் தொடங்கிற்று என்று கொள்ளல் தகும். இக்கூட்டுக்குக் காரியாலயமாக உதவியது 1957இல் தோன்றிய வாஷிங்டன் பெருநகர அரசாங்கங்களின் பேரவை. அப்பேரவைக்குச் சட்டமியற்றும் அதிகாரம் இல்லை. தண்டிக்கும் அதிகாரமும் இல்லை. ஆனால் வரைபடங்களையும் அளவீடுகளையும் ஒரே மேசையில் வைக்கும் வேலையைச் செய்தது. மேசையில் அமர்ந்த எவரும் முற்றிலும் தூயவரல்லர். மேலேயிருந்து சேறு வந்ததெனின், வாஷிங்டனின் பழைய கழிவுநீர்க் குழாய்கள் பெருமழை தோறும் மலநீரை அதே ஆற்றினுட் கொட்டின. ஒருவர் மாத்திரம் குற்றவாளியாய் நின்றிருப்பின் கூட்டு நிலைத்திருக்குமோ என்பது ஐயமே. 2007ஆம் ஆண்டில் ஆறு தாங்கக்கூடிய அடையலின் அளவை மேரிலாந்தும் கொலம்பியா மாவட்டமும் கூட்டாகவே கணித்து வரையறுத்தன.

இந்த அரசுகளின் விதிகளை அருகருகே வைத்து நோக்கினால் ஒரு சுவையான வேறுபாடு தென்படும். மத்திய அரசின் தூயநீர்ச் சட்டம் 1972இல் வந்தது. அதன்கீழ்க் கட்டட வேலைகளுக்கான ஒழுங்கு 1990இல் ஐந்து ஏக்கரிலிருந்து தொடங்கி, 2003 முதல் ஓர் ஏக்கராக இறங்கிற்று. ஓர் ஏக்கர் என்பது 43,560 சதுர அடி. மேரிலாந்து 5,000 சதுர அடியிலேயே தொடங்குகின்றது. கொலம்பியா மாவட்டமோ 50 சதுர அடி மண்ணை அசைத்தாலே திட்டம் கேட்கின்றது; ஒரு கட்டிலின் அளவுக்குச் சற்றே மேற்பட்ட நிலம் அது! ஆற்றுக்கு அண்மையில் வாழ்பவர் கண்ணுக்குச் சிறு மண்ணும் தெரியும். தொலைவில் இருப்பவருக்கு மலையளவு போனாற்றான் தெரியும்.

மண்ணைப் பற்றியே இதுவரை பேசினோம். நீரைப் பற்றியும் ஒரு சொல் உரைக்கவேண்டும். வோல்மன் 1967இல் எழுதிய மற்றொரு கட்டுரையில், கட்டடங்கள் எழுந்து முடிந்தபின் நிலத்திலிருந்து வரும் அடையல் குறைந்துவிடும் என்பதைக் காட்டினார். கூரையும் தாரும் கொங்கிறீற்றும் மூடிய நிலத்தில் அரிபட மண் ஏது? ஆனால் அந்நிலத்தில் விழும் மழை உள்ளிறங்காது முழுவதும் ஓடையை நோக்கி விரையும். முன்னர் ஒருநாள் முழுவதும் மெல்ல வந்த வெள்ளம் ஒரு மணித்தியாலத்தில் வந்து மோதும். ஓடை அகலும், கரை இடியும், கரைமண்ணே புதிய சேறாகும். கட்டட வேலை முடிந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரும் அனக்கொஸ்தியா கலங்கி ஓடுவதற்கு இது பெருங்காரணம். ஆகவே ஓடுநீரைத் தடுப்பது இரண்டாவது கடமையாயிற்று. 1990களின் தொடக்கத்தில் பிரின்ஸ் ஜோர்ஜஸ் கவுண்டியின் பொறியியலாளர் வளவுக்குள்ளேயே ஆழமற்ற பள்ளம் அமைத்து, மணலும் உக்கல் மண்ணும் இட்டு, செடி நட்டு, கூரைநீரை அங்கே இறங்கவிடும் முறையை வகுத்தனர். இன்று பல நாடுகளில் மழைத்தோட்டம் என வழங்கும் முறைக்கு ஊற்று அதுவே. சேற்றைக் கீழே அனுப்பியவர் என்று பேர்பெற்ற கவுண்டியே இதனை உலகுக்கு அளித்தது என்பது பாராட்டுக்குரியது.

செலவுக்கு வழி காண்பதில் அத்தகைய ஒற்றுமை இருக்கவில்லை. நீர் உறிஞ்சாத பரப்புக்கு ஏற்பக் கட்டணம் அறவிடுமாறு 2012இல் மேரிலாந்து தன் பெரிய உள்ளூராட்சிகள் பத்தினுக்கு ஆணையிட்டது. எதிர்த்தோர் அதற்கு மழைவரி என்று பெயர் சூட்டினர். பெயர் வென்றது, 2015இற் கட்டாயம் நீக்கப்பட்டது. ஒரு நல்ல திட்டத்தைக் கவிழ்ப்பதற்கு இரண்டு சொற்கள் போதும் என்பதற்கு இதனினும் சிறந்த உதாரணம் தேட வேண்டியதில்லை. மொன்ற்கோமரி இவ்வாணைக்குப் பல ஆண்டுகள் முன்பே இத்தகைய கட்டணத்தை அறவிடத் தொடங்கியிருந்தது. ஆணை நீங்கியபின்பும் கைவிடவில்லை.

நம் நாட்டு வாசகர் ஒருவர் இவற்றைப் படிக்குங்கால் எழக்கூடிய கேள்வி ஒன்றுண்டு. 1951ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க மண் பாதுகாப்புச் சட்டம் நம்மிடமும் உள்ளது. அது விவசாயத் திணைக்களத்தைச் சார்ந்தது. கட்டட அனுமதியோ மாநகர, நகர, பிரதேச சபைகளின் வாயிலாகக் கிடைக்கின்றது. மண்ணை அறிந்த காரியாலயமும் அனுமதி வழங்கும் காரியாலயமும் வெவ்வேறாய் இருந்த நிலையிலிருந்தே மேரிலாந்தும் புறப்பட்டது என்பதை மாத்திரம் இங்கு நினைவூட்டுவோம்.

அனக்கொஸ்தியாவின் இன்றைய நிலை யாது? 1989இல் தோன்றிய அனக்கொஸ்தியா நீரேந்து பரப்புச் சங்கம், பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை போன்ற ஒன்றை ஆற்றுக்கு வழங்கி வருகின்றது. ஆண்டாண்டாய்ச் சித்தி எய்தாத இந்த மாணவன், 2018ஆம் ஆண்டின் அறிக்கையில் 63 புள்ளி பெற்று முதன்முறையாகச் சித்தியடைந்தான். நம் கல்லூரியில் அப்புள்ளிக்கு வீட்டில் ஏச்சு விழாது, அங்கே அது கடைநிலைச் சித்தி. குப்பை, நுண்கிருமி, ஒட்சிசன், நீரின் தெளிவு எனப் பல பாடங்களின் கூட்டு அது. மண் கட்டுப்பாட்டுக்கு மாத்திரம் உரிய பெருமையன்று. ஆற்றடியிற் குவிந்த பழைய சேற்றில் ஒரு பகுதியை அள்ளி, 1993இல் கெனில்வேர்த் என்னும் இடத்தில் அழிந்துபோன சதுப்பு நிலத்தை மீண்டும் அமைத்தனர். மேலூரிலிருந்து வந்த மண் அங்ஙனம் நாணலுக்கு உரமாயிற்று.

பிளேடென்ஸ்பேர்க்கில் இன்று உல்லாசப் படகுகளே மிதக்கின்றன. அதற்கு மேலே, இரு கிளைகளும் ஒன்றுகூடுமுன், வடமேற்குக் கிளையில் ஹயற்ஸ்வில் அருகிலும் வடகிழக்குக் கிளையில் றிவர்டேலிலும் மத்திய அரசின் புவியியல் அளவைத் திணைக்களத்தின் அளவை நிலையங்கள் 1938 முதல் இயங்கி வருகின்றன. நீரோட்டத்தை மட்டும் அளந்துவந்த அவ்விடங்களில் இந்நூற்றாண்டில் நீரின் கலங்கலும் அளக்கப்பட்டது. ஒவ்வொரு கிளையும் கொண்டுவந்த சேறு மற்றையதோடு கலக்குமுன்னரே தனித்தனியாக எழுதப்பட்டது. அவ்வேட்டை மூன்று சபைகளின் பொறியியலாளரும் படிக்கலாம்.